சராசரிக்குள் மறைந்துபோகும் மலையகத்தின் சுகாதாரக் கணக்கு

தென்னாசிய நாடுகளின் சுகாதார நிலை பற்றிப் பேசப்படும் சர்வதேச அரங்குகளில் இலங்கையின் பெயர் மரியாதையுடன் குறிப்பிடப்படுவது வழமை. 1946 ஆம் ஆண்டில் இந்நாட்டில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 141 குழந்தைகள் ஒரு வயது நிறைவதற்கு முன்னரே மடிந்தன. 2016 ஆம் ஆண்டு நடத்தப்பட்ட குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வு அவ்வெண்ணிக்கையைப் பத்து எனக் காட்டியது. செல்வம் கொழிக்கும் நாடாக இல்லாத நிலையிலும் இலவச மருத்துவம், இலவசக் கல்வி, கிராமங்கள்தோறும் வீடு வீடாகச் செல்லும் குடும்பநல மாதர் ஆகியவற்றின் துணையுடன் இந்தச் சாதனை எட்டப்பட்டது. இதில் நாட்டு மக்கள் அனைவரும் பெருமை கொள்ளலாம் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை.

ஆயினும், இந்தப் பெருமையில் அக்கரப்பத்தனைக்கு உரிய பங்கு எவ்வளவு என்ற கேள்வியை நாம் எழுப்பியே ஆகவேண்டியுள்ளது. தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக மேலேறிச் செல்லும் பாதையின் இருமருங்கிலும், டயகம வரையில் தேயிலை மலைகளும் அவற்றிடையே லயன் வரிசைகளுமாகக் காட்சிதரும் பிரதேசம் அது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித்தரும் உயர்நிலத் தேயிலை விளையும் மண்ணும் அதுவே. அங்கே கடந்த ஆண்டில் எத்தனை குழந்தைகள் பிறந்தன, அவற்றுள் எத்தனை நிறை குறைந்து பிறந்தன, ஒரு வயதை எட்டாமல் இறந்தவை எத்தனை, ஏன் இறந்தன என்பவற்றை அப்பிரதேசத்தின் சாதாரண குடிமகன் ஒருவர் அறிந்துகொள்ள விரும்பினால், அவர் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பகிரங்க ஆவணம் ஒன்று ஆண்டுதோறும் இருக்க வேண்டும். அவ்வாறானதொரு கணக்கைக் கேட்டுப் பெறும் உரிமை பற்றியே இங்கு பேச விரும்புகின்றோம்.

நாடு முழுவதற்குமான புள்ளிவிபரங்களை நகரம், கிராமம், பெருந்தோட்டம் என மூன்று துறைகளாகப் பிரித்துக் காட்டும் வழக்கம் இலங்கையில் உண்டு. இருபது ஏக்கருக்குக் குறையாத பரப்பும், பத்துக்குக் குறையாத வதிவிடத் தொழிலாளர்களும் கொண்ட தோட்டங்களே பெருந்தோட்டத் துறையாகக் கொள்ளப்படுகின்றன. மேலே குறிப்பிட்ட 2016 ஆம் ஆண்டு ஆய்வின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடளாவிய ரீதியில் 17.3 சதவீதமாகவும், பெருந்தோட்டத் துறையில் 31.7 சதவீதமாகவும் காணப்பட்டனர். நுவரெலியா மாவட்டத்தின் நிலையும் இதனையொத்ததே. அதாவது, தோட்டத்தில் வளரும் மூன்று குழந்தைகளில் ஏறத்தாழ ஒரு குழந்தை வளர்ச்சி குன்றிய நிலையில் உள்ளது.

இவ்வளவு பாரதூரமான வேறுபாடு தேசிய மட்டத்தில் ஏன் அதிர்வை ஏற்படுத்துவதில்லை? விடை எளிய கணக்கில் அடங்கியிருக்கின்றது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நாட்டின் மொத்தச் சனத்தொகையில் பெருந்தோட்டத் துறையினர் 4.4 சதவீதத்தினர் மட்டுமே. இவ்விகிதத்தை அடிப்படையாகக் கொண்டு பார்த்தால், பெருந்தோட்டக் குழந்தைகளை முற்றாக நீக்கிவிட்டுக் கணக்கிட்டாலும் 17.3 என்ற தேசிய வீதம் 16.6 அளவுக்கே இறங்கும். ஒரு சமூகத்துப் பிள்ளைகளில் மூன்றிலொரு பங்கினரின் குறைபாடு, தேசியச் சராசரியில் ஒரு சதவீதப் புள்ளியைக்கூட அசைக்கவில்லை. சராசரியை மட்டும் பார்த்துத் திட்டம் வகுக்கும் அதிகாரி ஒருவருக்கு மலையகம் கண்ணிற் படாமற் போவதில் வியப்பில்லை. கொழும்பில் தயாரிக்கப்படும் அறிக்கை பொய் சொல்வதில்லை. ஆனால் அக்கரப்பத்தனையைப் பற்றி அது எதுவும் சொல்வதுமில்லை.

‘தோட்டத்துப் பிள்ளைகள் பிறவியிலேயே குட்டையானவர்கள்’ என்ற பேச்சை நாம் பல காலமாகக் கேட்டு வருகின்றோம். இது அறிவியலுக்கு ஒவ்வாத பேச்சாகும். வளர்ச்சி குன்றுதல் என்பது கருவிலிருந்து இரண்டு வயது வரையிலான காலப்பகுதியில் ஏற்படும் தொடர் போஷாக்கின்மையினதும், அடிக்கடி பீடிக்கும் நோய்களினதும் தழும்பாகும். இரத்தச்சோகையுடன் கருவுறும் தாய், கூடையைச் சுமந்தவாறு சரிவான மலைகளில் கொழுந்து பறிக்கும் கர்ப்பிணி, பாதுகாப்பற்ற குடிநீர், ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் லயன் காம்பரா, ரொட்டியும் தேநீரும் மட்டுமே கொண்ட காலை உணவு ஆகியன ஒன்றுசேர்ந்து அந்தத் தழும்பை இடுகின்றன. இதன் விளைவு உயரத்தோடு நின்றுவிடுவதில்லை. பாடசாலையில் கிரகிக்கும் ஆற்றலிலும், வளர்ந்தபின் உழைக்கும் திறனிலும், பெண்பிள்ளையாயின் அவள் நாளை பெறப்போகும் குழந்தையின் நிறையிலும் அது தொடர்கின்றது.

இது மாற்ற முடியாத விதியன்று என்பதற்கும் அதே புள்ளிவிபரங்களே சான்று. 2006-07 ஆம் ஆண்டு ஆய்வில் பெருந்தோட்டத் துறையின் வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீதம் 40 சதவீதமளவில் இருந்தது. பத்தாண்டுகளில் அது 31.7 ஆகக் குறைந்துள்ளது. பரம்பரைக் குணம் பத்தாண்டுகளில் மாறிவிடுவதில்லை. உணவும், சுகாதார வசதியும், தாயின் கல்வியும் மாறும்போது குழந்தையின் உயரமும் மாறுகின்றது. தேசிய வீதம் அதே பத்தாண்டுகளில் ஏறத்தாழ அசையாமல் இருந்தது என்பதும் இங்கு கவனிக்கத்தக்கது. தேசிய வீதத்தை மட்டும் பார்த்தவர் தோட்டங்களில் கிட்டிய இந்த முன்னேற்றத்தையும் அறிந்திருக்கமாட்டார். சராசரி துன்பத்தை மட்டுமன்றி வெற்றியையும் மறைத்துவிடுகின்றது.

இந்த நிலை எவ்வாறு உருவாயிற்று என்பதை விளங்கிக்கொள்ள வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்த்தல் அவசியம். பிரித்தானியர் காலத்தில் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் போன்ற தனியான சட்டங்களின்கீழ் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாக்கப்பட்டன. சுதந்திரத்தின் பின்னர் அரசின் இலவச சுகாதார சேவை கிராமங்களை நோக்கிப் பரவியபோது, தோட்ட மக்கள் பெரும்பாலும் தோட்ட டிஸ்பென்சரியுடனேயே விடப்பட்டனர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலானோரின் குடியுரிமையையும், அதனைத் தொடர்ந்து வாக்குரிமையையும் பறித்தது. வாக்கில்லாத மக்களுக்கு வைத்தியசாலை கேட்டுப் பாராளுமன்றத்தில் குரலெழுப்ப ஆளில்லாமற் போயிற்று.

அதன் விளைவு 1974 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. உலக உணவு நெருக்கடியும், பங்கீட்டுக் குறைப்பும், வரட்சியும் ஒன்றாக வந்தபோது நாடு முழுவதிலுமே குழந்தை இறப்பு வீதம் 46 இலிருந்து 51 ஆக உயர்ந்தது. சொந்தமாக ஒரு துண்டு நிலமேனும் இல்லாத தோட்டங்களிலோ அது ஆயிரத்துக்கு நூறு என்ற எல்லையையும் கடந்து சென்றது. அந்தப் பஞ்சத்தை மலையகத்தின் மூத்த தலைமுறையினர் இன்னும் மறக்கவில்லை. தோட்டங்களுக்கெனத் தனிக் கணக்கு இருந்தமையினாலேயே அந்த அவலத்தின் ஆழம் பின்னாளில் ஆய்வாளர்களுக்குத் தெரியவந்தது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டன. 1992 இல் அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. சில தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்றது. மற்றைய இடங்களில் தோட்ட வைத்திய உதவியாளரும் பிள்ளைக் காம்பராவும் கம்பனியின்கீழ் தொடர்ந்தன. இதற்கிடையில் தோட்டத்தின் முகமே மாறிவிட்டது. இன்று லயன்களில் வாழ்வோரில் பெரும்பாலானோர் தோட்டத்தின் பதிவுத் தொழிலாளர்கள் அல்லர். தந்தை கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கின்றார். மகள் ஆடைத் தொழிற்சாலையில். தாய் சில வேளைகளில் மத்திய கிழக்கில். தோட்டத்தில் பெயர் இல்லாதவரின் நலனைக் கம்பனி தனது பொறுப்பாகக் கருதுவதில்லை. காணி கம்பனியினுடையது என்று அரச அலுவலகம் கூறுகின்றது. இரண்டுக்கும் இடையில் நிற்கின்றவள் கர்ப்பிணித் தாய்.

பொறுப்பு இவ்வாறு இரண்டாகப் பிளவுபட்டிருப்பதால் பதிவேடும் இரண்டாகப் பிளவுபட்டுள்ளது. பிறப்பு, இறப்புகளைப் பதிவு செய்வது இலங்கையில் ஒன்றரை நூற்றாண்டுகளுக்கும் மேலாக நடைபெற்று வரும் காரியம். 1951 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் அதற்கு இன்றும் அடிப்படையாக உள்ளது. இன்று பிரசவங்கள் 99 சதவீதத்துக்கும் அதிகமாக வைத்தியசாலைகளிலேயே நிகழ்வதால், பிறப்புகள் விடுபட்டுப்போவது அரிது. ஆனால் பதிவு செய்வது வேறு, பதிவைப் பயன்படத்தக்க கணக்காக்குவது வேறு.

உதாரணமொன்றை எடுத்துக்கொள்வோம். அக்கரப்பத்தனைத் தோட்டமொன்றைச் சேர்ந்த பச்சிளங் குழந்தையொன்று கடும் சுகவீனமுற்றால், முதலில் அருகிலுள்ள வைத்தியசாலைக்கும், அங்கிருந்து நுவரெலியாவுக்கும், அவசியமாயின் கண்டி அல்லது பேராதனைக்கும் கொண்டுசெல்லப்படுகின்றது. அங்கே அக்குழந்தை உயிரிழந்தால் மரணம் நிகழ்ந்த இடத்திலேயே அது பதியப்படுகின்றது. நிகழ்விட அடிப்படையில் மாவட்ட வீதங்கள் கணிக்கப்படும்போது அந்த மரணம் கண்டியின் கணக்கில் ஏறுகின்றது. பெரிய வைத்தியசாலைகள் உள்ள மாவட்டங்களின் இறப்பு வீதம் உயர்ந்தும், நோயாளிகளை அனுப்பிவைக்கும் மாவட்டங்களின் வீதம் தாழ்ந்தும் தோன்றுவதற்கு இதுவே காரணம். தாயின் நிரந்தர வதிவிடம் எது என்ற விபரம் பதிவுப் படிவத்தில் உண்டு. அந்த விபரத்தைக் கொண்டு மரணங்களை ஊர் வாரியாகத் திருப்பித் தொகுக்க முடியும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. செய்ய வேண்டும் என்ற எண்ணமே தேவை.

மரணத்துக்கான காரணம் பற்றிய பதிவு இதனிலும் பலவீனமானது. வைத்தியசாலையில் நிகழும் மரணத்துக்கு வைத்தியர் ஒருவரின் சான்றிதழ் கிடைக்கின்றது. லயன் காம்பராவில் நிகழும் மரணத்துக்கோ பல வேளைகளில் முதுமை, மாரடைப்பு, காய்ச்சல் என்ற பொதுச் சொல்லே காரணமாகி விடுகின்றது. வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் பழக்கத்தால் தோட்டங்களில் மிகுந்து காணப்படும் வாய்ப் புற்றுநோய், நீரிழிவு, மதுவின் விளைவான ஈரல் நோய் ஆகியவை எத்தனை உயிர்களைக் கொண்டுபோகின்றன என்பதை இத்தகைய பதிவுகளைக் கொண்டு கூற இயலாது.

மலையகச் செய்திகளில் அடிக்கடி இடம்பெறும் குளவிக் கொட்டு மரணங்களையே கவனிப்போம். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தொழிலாளி குளவிக் கொட்டுக்கு இலக்காகி இறந்தால் அது தொழில்சார் விபத்து. சர்வதேச நோய் வகைப்படுத்தலின் பத்தாவது பதிப்பில் குளவி, தேனீ ஆகியவற்றின் தாக்கத்துக்கெனத் தனியான குறியீடே உள்ளது. மரணப் பதிவில் அந்தக் காரணமும், இறந்தவரின் தொழிலும், சம்பவம் நிகழ்ந்த இடமும் சரிவரக் குறிக்கப்பட்டால், எந்தத் தோட்டங்களில் ஆபத்து அதிகம் என்பது தெரியவரும். அன்றி, மாரடைப்பு என்று மாத்திரம் எழுதப்பட்டுவிட்டால் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய நட்டஈடும் கேள்விக்குறியாகின்றது. 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருந்தும், மரணச் சான்றிதழில் உள்ள ஒரு சொல் அதன் பயனைத் தடுத்துவிடக் கூடும். ஆகவே, காரணப் பதிவு என்பது வெறும் எழுதுவினைஞர் விவகாரம் அன்று. ஒரு குடும்பத்தின் அடுத்த வேளைச் சோறும் அதில் தங்கியுள்ளது.

வீதம் என்பதற்கு மேலே ஒரு எண்ணும் கீழே ஒரு எண்ணும் தேவை. இதுவரை பேசியது மேலுள்ள எண்ணைப் பற்றியதாகும். கீழுள்ள எண்ணாகிய சனத்தொகையும் மலையகத்தைப் பொறுத்தவரை தெளிவானதாக இல்லை. 1971 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் 11 இலட்சத்து 74 ஆயிரமாக இருந்த இந்தியத் தமிழர் தொகை, 1981 இல் 8 இலட்சத்து 18 ஆயிரமாக வீழ்ச்சியடைந்தது. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டமை இதற்கு முக்கிய காரணம். 2012 இல் ஏறத்தாழ 8 இலட்சத்து 39 ஆயிரமாக, அதாவது 4.1 சதவீதமாக இருந்த அத்தொகை, 2024 டிசம்பரை அடிப்படையாகக் கொண்ட மதிப்பீட்டில் 2.8 சதவீதமாக, அதாவது ஏறத்தாழ 6 இலட்சமாகக் குறைந்துள்ளது. பன்னிரண்டு ஆண்டுகளில் ஏற்பட்ட இவ்வளவு பெரிய வீழ்ச்சியைப் பிறப்பு, இறப்புகளைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது. தம்மை இலங்கைத் தமிழர் எனப் பதிந்துகொள்வோர் தொகை பெருகியிருப்பதே இதில் பெரும்பங்கு வகிக்கின்றது.

தன்னை எவ்வாறு அழைத்துக்கொள்வது என்பது ஒவ்வொருவரதும் உரிமை. அதில் குறைகாண நாம் முற்படவில்லை. ஆனால் பிறப்புச் சான்றிதழில் பதிவாளர் ஓர் இனப்பெயரை எழுத, குடிசன மதிப்பில் அதே குடும்பம் வேறொரு பெயரைக் கூறுமாயின், இன அடிப்படையில் கணிக்கப்படும் வீதங்கள் அர்த்தமிழந்து விடுகின்றன. ஆகவே சுகாதாரக் கணக்கு இனப்பெயரை நம்பியிராமல், மக்கள் வாழும் இடத்தை ஆதாரமாகக் கொண்டிருப்பதே பொருத்தமானது.

இடத்தை ஆதாரமாகக் கொண்ட கணக்கின் வலிமையை உலகம் எப்போதோ கண்டுகொண்டது. 1837 இல் இங்கிலாந்தில் குடிசார் பதிவு ஆரம்பிக்கப்பட்டபின், அங்கு பணியாற்றிய வில்லியம் பார் என்ற மருத்துவர் இறப்பு வீதங்களை மாவட்டம் மாவட்டமாக ஒப்பிட்டார். ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 17 பேருக்கு மேல் இறவாத சில மாவட்டங்களைச் சுகாதார மாவட்டங்கள் எனக் கொண்டு, ஏனைய இடங்களில் அதற்கு மேற்பட்டு நிகழும் மரணங்கள் யாவும் தவிர்த்திருக்கக் கூடியவை என வாதிட்டார். சராசரியை விடுத்து, நன்றாக வாழும் மாவட்டத்தையே அவர் அளவுகோலாகக் கொண்டார். அக்கரப்பத்தனைக்கும் அதே அளவுகோல்தான் வேண்டும். தோட்டத்துறையின் கடந்த கால வீதத்துடன் ஒப்பிட்டுத் திருப்தியடைவது போதாது.

அயல்நாட்டுத் தேயிலை நிலங்களிலும் இதே பிரச்சினை உண்டு. இந்தியாவில் 2018-20 காலப்பகுதிக்கான மாதிரிப் பதிவு முறைத் தரவுகளின்படி, ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு தாய் மரணங்கள் நாடளாவிய ரீதியில் 97 ஆகவும், அசாம் மாநிலத்தில் 195 ஆகவும் இருந்தன. தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. அசாமின் தேயிலைத் தோட்டத் தாய்மார் அங்கு மிக மோசமாகப் பாதிக்கப்படுவோர் என்பது அறிந்த விடயமே. இலங்கை இதில் வெகுவாக முன்னேறியுள்ளது. 1980களிலிருந்தே ஒவ்வொரு தாய் மரணமும் அறிவிக்கப்பட்டு, அதற்கான காரணம் தனித்தனியாக ஆராயப்படும் முறை இங்கு நடைமுறையில் உள்ளது. தாய் மரணங்கள் குறைந்தமைக்கு அந்த விசாரணை முறையும் ஒரு காரணம். தாய்க்குச் செய்ததைத் தோட்டத்தில் நிகழும் ஒவ்வொரு குழந்தை மரணத்துக்கும் அதே கண்டிப்புடன் செய்தால் என்ன?

இதற்கான நிருவாக வாய்ப்பும் இப்போது உருவாகியுள்ளது. தலா இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோரைக் கொண்டிருந்த நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு 2018 ஆம் ஆண்டில் ஆறு சபைகளாயின. அக்கரப்பத்தனைக்கெனத் தனியான பிரதேச சபை அப்போதே கிடைத்தது. தோட்டக் குடியிருப்புகளில் பிரதேச சபை நிதியைச் செலவிடுவதற்கு இருந்த சட்டத்தடையும் அதே ஆண்டில் திருத்தப்பட்டது. எனவே, ‘அது தோட்டத்துக்குரிய விடயம்’ என்று கைவிரிப்பதற்கு உள்ளூராட்சிப் பிரதிநிதிகளுக்கு இனி நியாயமில்லை.

முதலாவதாக, பிறப்பு, நிறை குறைந்த பிறப்பு, குழந்தை இறப்பு, தாய் இறப்பு ஆகியவை தாயின் வதிவிட அடிப்படையில், பிரதேச சபை மட்டத்தில் தோட்டம் வேறாகவும் கிராமம் வேறாகவும் ஆண்டுதோறும் தொகுக்கப்பட்டு மூன்று மொழிகளிலும் வெளியிடப்பட வேண்டும். இரண்டாவதாக, தோட்ட வைத்திய உதவியாளரின் பதிவேடும், பிள்ளைக் காம்பராவின் நிறைப் பதிவும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பதிவும் ஒன்றோடொன்று ஒப்பிடப்பட வேண்டும். மூன்றாவதாக, வீட்டில் நிகழும் மரணங்களுக்கு உறவினரிடம் முறையாக விசாரித்துக் காரணம் அறியும் பயிற்சி பதிவாளர்களுக்கு வழங்கப்பட வேண்டும். அவர்கள் தமிழில் பேசவும் எழுதவும் வல்லவர்களாக இருப்பது இன்றியமையாதது. பெயரில் ஓர் எழுத்து மாறியதால் அடையாள அட்டைக்கு அலைந்து திரிந்த அனுபவம் மலையகத்தில் வீட்டுக்கு வீடு உண்டு.

சிறிய பிரதேசத்தில் எண்ணிக்கை குறைவு என்பதால் வீதம் ஆண்டுக்கு ஆண்டு தாறுமாறாக ஏறி இறங்கும் எனப் புள்ளிவிபரவியலாளர் கூறக்கூடும். அது உண்மையே. முப்பது குழந்தைகள் பிறக்கும் தோட்டமொன்றில் ஒரு குழந்தை இறந்தால் வீதம் 33 ஆகிவிடும். மறு ஆண்டில் பூச்சியமாகும். மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளை ஒன்றுசேர்த்து, அயல் தோட்டங்களையும் இணைத்துக் கணித்தால் இக்குறை நீங்கும். தனிக் கணக்கு மலையக மக்களைத் தனிமைப்படுத்தும் என்ற அச்சத்தையும் சிலர் வெளியிடுவர். எண்ணாமல் விட்டதனால் அம்மக்கள் எவரோடும் சமமாகிவிடவில்லை என்பதே கடந்த காலம் கற்பித்த பாடம்.

மலையகத் தொழிற்சங்கங்கள் சம்பளத்துக்காகப் போராடுவதில் வல்லவை. நாள் ஒன்றுக்கு எத்தனை ரூபா என்ற கேள்வியுடன், ஆயிரம் பிறப்புகளில் எத்தனை குழந்தைகளை இழக்கின்றோம் என்ற கேள்வியும் பேச்சுவார்த்தை மேசைக்கு வரவேண்டும். பறிக்கப்படும் கொழுந்து ஒவ்வொரு கிலோவாக நிறுக்கப்பட்டு, குறைந்தால் சம்பளத்தில் கழிக்கப்படும் தோட்டத்தில், பிறக்கும் குழந்தையின் நிறையும் அதே அக்கறையுடன் குறித்துக்கொள்ளப்பட வேண்டும் எனக் கேட்பது மிகையான கோரிக்கை அல்ல. சுகாதார அமைச்சும், பதிவாளர் நாயகம் திணைக்களமும், பெருந்தோட்டக் கம்பனிகளும் அக்கரப்பத்தனைப் பிரதேச சபையுடன் ஒரே மேசையில் அமர்ந்து இக்கணக்கைத் தொடங்குவதற்கு இனியும் காலந்தாழ்த்தலாகாது.